கல்வெட்டுக்குத் துணை நின்ற கடிதங்கள்

பெரியோர்களே, நண்பர்களே,

களியக்காவிளைக்கு இருபுறமும் கிடக்கும் இந்த நிலத்தின் பழைய வரலாற்றை எழுத முற்படுகிறவருக்கு முதலில் எதிர்ப்படும் இடர், சான்றுகள் ஓரிடத்தில் இல்லை என்பதே. பழங்காலக் கல்விச்சாலையான காந்தளூர்ச்சாலையையே எடுத்துக்கொள்வோம். அங்கே கலமறுத்தவன் என்று முதலாம் இராசராசனைப் புகழும் மெய்க்கீர்த்தி சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றில் வெட்டப்பட்டிருக்கிறது. சாலை இருந்த இடமாகப் பலரும் காட்டுவது திருவனந்தபுரத்து வலியசாலை. அச்சாலையின் நடைமுறையை ஒட்டி 95 சட்டர்களுக்கென, அதாவது மாணவர்களுக்கென, ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல் ஒரு சாலை நிறுவியதைச் சொல்லும் செப்பேடோ, முன்சிறையை அடுத்த பார்த்திவபுரத்தைச் சேர்ந்தது. இவ்வளவையும் ஒருவர் தனியே தேடித் திரட்டுவது அரிது.

திரட்டினாலும் படித்தாக வேண்டுமே. நனைத்த தாளைக் கல்லின்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றி எடுத்த படியிலும், பழந்தமிழ் எழுத்துமுறையான வட்டெழுத்தின் பிற்கால வடிவில் பகரமும் வகரமும் ஒன்றுபோலவே தோன்றி மயக்கும். புள்ளி பெரும்பாலும் இராது. எகர ஒகரங்களில் குறில் நெடில் பிரிந்து தெரியாது. ஆய்வாளர் தம் மனத்தில் இருப்பதையே கல்லிலும் கண்டுவிடுவது இங்கே மிக எளிது. அந்த நேரத்தில், ‘நீங்கள் படித்தது பொருந்தவில்லை, மறுபடியும் பாருங்கள்’ என்று கூசாமல் எழுதும் ஒரு நண்பர் பெரிய நூலகத்தைவிடப் பயன்படுவார் என்றே நான் கருதுகிறேன்.

தேரூர் தந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையை நாம் கவிஞராகவே கொண்டாடுகிறோம். அவர் கல்வெட்டுகளைப் படித்தவர், காந்தளூர்ச்சாலையைப் பற்றி ஆராய்ந்து எழுதியவர். திருவனந்தபுரத்தில் அவர் தமிழாசிரியராக இருந்த காலத்தில், அங்கே வழக்கறிஞராகத் தொழில் செய்த வையாபுரிப் பிள்ளை நண்பரானார். பின்னர் 1926இல் வையாபுரிப் பிள்ளை தமிழ்ப் பேரகராதிப் பணிக்காகச் சென்னை சென்றார். கவிமணி ஓய்வு பெற்றுப் புத்தேரியில் தங்கினார். இடம் இவ்வளவு விலகியும் கடிதங்களின் வழியே அந்த நட்பு அறுபடவில்லை.

உ.வே.சாமிநாதையரைச் சுவடி தேடியவராகவே சொல்லி வருகிறோம். தமக்கு வந்த கடிதங்களைப் போற்றிக் காத்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாரிசிலிருந்து பிரெஞ்சுத் தமிழறிஞர் ஜூலியன் வின்சோன் அவருக்குத் தமிழிலேயே எழுதினார். கும்பகோணத்தில் மளூர் ரங்காச்சாரியார் பௌத்த நூற்கருத்துகளை அருகிருந்து விளக்கியிராவிட்டால், 1898இல் வெளிவந்த மணிமேகலைப் பதிப்பு அந்தத் தெளிவைப் பெற்றிருக்குமா என்பது ஐயமே. வந்த கடிதங்கள் சென்னையில் அவர் பெயரால் அமைந்த நூல் நிலையத்தில் இருக்கின்றன. அவர் எழுதிய மறுமொழிகளோ பெற்றவர்களின் வீடுகள்தோறும் சிதறிப் போயின.

இந்தச் சிதறலைத்தான் நான் இன்று முறையிட வந்திருக்கிறேன். புலவர் ஒருவர் மறைந்தால், நூல்களையாவது யாரேனும் கேட்டு வாங்குகிறார்கள். கடிதக் கட்டு பழைய தாள் கடைக்குப் போய்விடுகிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு கட்டு இருந்தால் உறைகளைக் கழித்துவிடாதீர்கள். உள்ளே மாதமும் நாளும் மட்டுமே இருக்கலாம். ஆண்டைச் சொல்வது உறைமேல் விழுந்த முத்திரையாக இருக்கும். கடிதத்தில் கொல்லம் ஆண்டு இருந்தால், ஆவணி முதல் மார்கழி நடுப்பகுதி வரை 824உம் அதன் பின் 825உம் கூட்டி ஆங்கில ஆண்டைத் தாளின் ஓரத்தில் அல்லாமல் தனிச் சீட்டில் குறித்து வையுங்கள். படி எடுத்துக்கொண்டு மூலத்தை உங்களிடமே திருப்பித் தர இங்குள்ள இளைஞர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் அவர்களிடம் பேசுங்கள்.