அணை மட்டமும் வீட்டு டாங்கும்

நேயர்களுக்கு வணக்கம்.

காலையில் பேப்பரைப் பிரித்ததும் நம் குமரி மாவட்டத்தில் பலரும் தேடுவது அணை நீர்மட்டத்தைத்தான். பேச்சிப்பாறையின் முழு மட்டம் 48 அடி, பெருஞ்சாணி 77 அடி, நாகர்கோவிலுக்குக் குடிநீர் தரும் முக்கடல் 25 அடி. கடும் கோடையில் முக்கடலுக்கு நேரே ‘மைனஸ்’ என்று போட்டிருக்கும். அளவுகோலின் பூஜ்ஜியத்துக்கும் கீழே தண்ணீர் இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

இந்த அடிக்கணக்கு நம்மைக் கொஞ்சம் ஏமாற்றும். பேச்சிப்பாறையில் 24 அடி நிற்கிறது என்றால் பாதித் தண்ணீர் கிடக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். அப்படி இல்லை. மலைப்பள்ளம் மேலே அகலம், கீழே குறுகல். மேல் பத்தடியில் நிற்கிற தண்ணீர் அடிப் பத்தடியில் இருக்காது. போதாததற்கு, 1906-ல் கட்டி முடித்த அணை அது. நூறு வருஷத்துக்கு மேலாக அடியில் வண்டல் சேருகிறது. பாதி மட்டம் என்றால் பாதியை விடக் குறைவான தண்ணீர். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள். கீழே போகப் போக, அதே அளவு எடுத்தாலும் மட்டம் வேகமாக இறங்கும்.

நாம் எடுக்காவிட்டாலும் வெயிலும் ஆரல்வாய்மொழிக் காற்றும் எடுத்துக்கொள்ளும். ஒரு ஏக்கர் நீர்ப்பரப்பில் நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் 20,000 லிட்டர் போச்சு. ஆளுக்கு 135 லிட்டர் என்று வைத்தால் கிட்டத்தட்ட 150 பேருக்கான தண்ணீர். அதனால் இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, தள்ளிப்போகும் என்று தெரிந்தால், மட்டம் பாதிக்கு வரும்போதே வீட்டில் சிக்கனம் தொடங்க வேண்டும். குழாய்த் தண்ணீரை முறை வைத்து விடத் தொடங்கிய பிறகு யோசித்தால் தாமதம்.

வீட்டில் எங்கே தொடங்குவது? எல்லாரும் சொட்டுகிற குழாயைப் பார்ப்பார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது கழிப்பறை ஃபிளஷ் டாங்கை. அதன் கசிவு சத்தம் போடாது. இன்று ராத்திரியே ஒரு சோதனை செய்யுங்கள். துணிக்குப் போடுகிற சொட்டு நீலம் இருக்கிறதல்லவா, அதில் பத்துச் சொட்டு ஃபிளஷ் டாங்குக்குள் விடுங்கள். அரை மணி நேரம் யாரும் ஃபிளஷ் பண்ணக் கூடாது. பிறகு கோப்பையில் நீலம் தெரிந்தால் டாங்க் ஒழுகுகிறது.

ஐந்து நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் கசிந்தால் நாளைக்கு 288 லிட்டர். நாலு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிற தெருவில், மாடியில் நிரப்பிய 500 லிட்டர் டாங்க் இரண்டு நாள் தாங்காது. ‘யார் இவ்வளவு செலவழித்தது’ என்று வீட்டுக்குள் சண்டைதான் வரும்.

சரிசெய்வது எளிது. டாங்குக்குத் தண்ணீர் விடும் பக்கத்து ஆங்கிள் வால்வை மூடி, ஃபிளஷ் செய்து டாங்கைக் காலியாக்குங்கள். அடியில் இருக்கும் ரப்பர் வாஷரைக் கழற்றித் தடவிப் பாருங்கள். மணல் ஒட்டியிருந்தால் கழுவி மாட்டலாம். ரப்பர் விறைத்திருந்தால் அதையே கடைக்குக் கொண்டுபோய் அளவு காட்டிப் புதிது வாங்குங்கள். மிதவையையும் பாருங்கள், வழிகுழாயின் வாய்க்கு ஒரு அங்குலம் கீழேயே தண்ணீர் நிற்க வேண்டும். தண்ணீரைக் குறைக்க டாங்குக்குள் செங்கல் போடுவார்கள். வேண்டாம், அது கரைந்து, துகள் வாஷருக்கு அடியில் போய் உட்காரும். மணல் நிரப்பி இறுக மூடிய ஒரு லிட்டர் பாட்டில் போதும்.

நேரம் நெருங்குகிறது, மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முறை வைத்து விடும்போது வெறும் குழாய்க்குள் வெளி அழுக்கு புகும். முதலில் வரும் கலங்கல் தண்ணீரைச் செடிக்கு விடுங்கள், குடத்தில் பிடிக்காதீர்கள். குழாயில் நேரடியாக மோட்டார் மாட்டினால் அந்த அழுக்கையும் சேர்த்தே உறிஞ்சும். கடைசி வீட்டுக்குத் தண்ணீரே எட்டாது.

பிடித்துவைத்த டிரம்மை மூடினால் மட்டும் போதாது. டெங்குக் கொசு நீர்விளிம்பில் ஒட்டி முட்டையிடும். காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் சாகாது. வாரம் ஒருமுறை உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள்.

குளச்சல், மணவாளக்குறிச்சி பக்கம் கடலோரக் கிணறு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மோட்டாரை ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள். கொஞ்சம் இறைத்து, ஊற விட்டு, மறுபடி இறையுங்கள். மேலே நல்ல தண்ணீர் ஒரு அடி இறங்கினால், கீழிருந்து உப்புநீர் 40 அடி வரை ஏறக்கூடும். வணக்கம்.