சுரங்க இயந்திரத்தின் வாயில் மண் நிறைந்தே இருக்க வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

மெட்ரோவுக்குச் சுரங்கம் தோண்டும் இயந்திரமான டி.பி.எம். என்றதும், ராட்சதத் துளைக்கருவி ஒன்று பூமியைக் குடைந்துகொண்டு ஓடுவதாகத்தான் நினைக்கிறோம். சென்னை மாதிரி மணலும் களிமண்ணும் பாறையும் கலந்த ஊரில், குடைந்த இடம் சரியாமல் பிடித்து நிற்பதே அதற்குப் பெரிய வேலை.

ஒரு கணக்கு போடுவோம். வெட்டும் விட்டம் 6.6 மீட்டர் என்றால் எதிரே உள்ள மண்முகம் 34 சதுர மீட்டர். அங்கே 2 பார் அழுத்தம் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) இருந்தால் இயந்திரத்தின் மேல் ஏறத்தாழ 680 டன் சுமை. அதற்கு ஈடுகொடுப்பது வெட்டியெடுத்த அதே மண்தான். முன்னால் சுழன்று வெட்டும் சக்கரமான கட்டர்ஹெட்டுக்குப் பின்னால் உள்ள அறையில் நுரை கலந்து, பற்பசைப் பதத்துக்குப் பிசைந்து, அடைத்து வைப்பார்கள். குழாய்க்குள் சுழலும் திருகான ஸ்க்ரூ கன்வேயர் அதை அளந்து அளந்து வெளியே விடும். ஸ்க்ரூ கொஞ்சம் வேகமாகச் சுற்றினால் போதும், அழுத்தம் இறங்கி முகம் சரியும்.

1.4 மீட்டர் முன்னேறினால் 48 கனமீட்டர் மண் வர வேண்டும். கிளறிய மண் உப்பிவிடும் என்பதால் கனஅளவோடு நிற்காமல் எடையும் போடுவார்கள். பத்து சதவீதம் கூடுதலாக வந்ததா? மேலே எங்கோ ஐந்து கனமீட்டர் பொந்து விழுந்திருக்கலாம். அது சாலையைத் தொட நாட்கள்கூட ஆகும். அதற்குள் இயந்திரம் தாண்டிப் போயிருக்கும்!

பின்பக்கமும் இதே கவலைதான். சுரங்கச் சுவராகப் பொருத்தும் கான்கிரீட் வளையத்தின் வெளிவிட்டம் 6.35 மீட்டர் என்றால் சுற்றிலும் பன்னிரண்டரை சென்டிமீட்டர் இடைவெளி. 1.4 மீட்டர் நீள வளையம் ஒன்றுக்கு மூன்றரை கனமீட்டர் கிரவுட், அதாவது இடைவெளியை அடைக்கும் சிமென்ட் குழம்பு. இயந்திரம் நகர நகர அதைச் செலுத்தியாக வேண்டும்.

மிகவும் படுத்துவது, கீழ்ப்பாதி பாறையும் மேல்பாதி மணலுமாக முகம் அமைவது. கட்டர்ஹெட்டில் உள்ள கட்டர் தட்டுகள் ஒவ்வொரு சுற்றிலும் மணலிலிருந்து வந்து பாறையில் மோதும். பேரிங் இறுகித் தட்டு சுழலாமல் நின்றால், அது ஒரே பக்கமாகத் தேய்ந்து தட்டையாகிவிடும். மணல் நிற்காத இடமென்றால் அழுத்தக் காற்றை நிரப்பி ஆட்கள் உள்ளே போய் மாற்ற வேண்டும். வெளியே வரும்போது, ஆழ்கடல் முக்குளிப்பவர் போல, அழுத்தத்தை மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும்.

இனி, வழியில் குறுக்கிடும் போர்வெல். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 17.5 மீட்டர் விட்டமுள்ள 'பெர்த்தா' என்ற டி.பி.எம்., 2013 டிசம்பரில், எட்டு அங்குல இரும்புக் கிணற்றுக் குழாயில் மோதிய சில நாட்களில் சூடேறி நின்றது. 36 மீட்டர் ஆழக் குழி வெட்டி, கட்டர்ஹெட்டை மேலே தூக்கிப் பழுதுபார்த்து, மறுபடி கிளம்ப இரண்டு ஆண்டு ஆயிற்று. குழாய்தான் காரணமா என்று ஒப்பந்ததாரருக்கும் மாநில அரசுக்கும் வழக்கு நடந்து, 2019-ல் ஜூரி அரசின் பக்கம் தீர்ப்பளித்தது.

நம் ஊரில் பழைய வீடுகளில் தூர்ந்துபோன கிணறும் கைவிட்ட போர்வெல்லும் ஏராளம்; பலவற்றுக்கு வரைபடமே கிடையாது. அறையில் பிடித்து வைத்த அழுத்தம் வெளியேற அவை நேரான வழி. நுரை கலந்த சேறு அவற்றின் வழியே வீட்டுக்குள் பொங்கும், கீழே அழுத்தம் விழும். அளவெடுக்க வருபவர் "இங்கே கிணறு இருந்ததா?" என்று கேட்பது இதற்காகத்தான். மூடிச் சிமென்ட் பூசிய கிணறாக இருந்தாலும் காட்டிவிடுங்கள். இயந்திரம் வருமுன் அடிவரை கிரவுட் நிரப்பிவிடலாம்.

நன்றி, வணக்கம்.