தடுக்கிய இடத்தில் ஒரு வரி

அன்பு நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு மென்பொருளை நிறுவ உட்காருகிறீர்கள். அதன் கையேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, சொன்னது சொன்னபடி ஒவ்வொரு படியாகச் செய்துகொண்டே போகிறீர்கள். நான்காவது படியில் நின்றுவிடுகிறது. கையேட்டில் இருப்பது ஒன்று, திரையில் வருவது வேறொன்று. அரை மணி நேரம் முட்டிமோதி, எங்கெங்கோ தேடி, கடைசியில் எப்படியோ சரிசெய்துவிடுகிறீர்கள். அப்பாடா என்று அந்தப் பக்கத்தை மூடிவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறீர்கள்.

அப்படி மூடுவதற்கு முன்னால் இன்னும் பத்து நிமிடம் அங்கேயே இருங்கள் என்று கேட்கத்தான் இன்று வந்திருக்கிறேன்.

லினக்ஸ், ஃபயர்பாக்ஸ், லிப்ரே ஆஃபிஸ் போன்றவற்றைத் திறமூல மென்பொருள் என்கிறோம். அவற்றின் நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம். இது பலருக்கும் தெரியும். பெரும்பாலான திட்டங்களில் கையேட்டையும் அதேபோல் யாரும் திருத்தலாம் என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை. ‘எனக்கு நிரல் எழுத வராது, நான் என்ன செய்ய முடியும்’ என்று ஒதுங்கிவிடுகிறார்கள். வேலை என்னவோ மலைபோல் கிடக்கிறது. 2017இல், நிரல்களைச் சேமித்துப் பகிர்ந்துகொள்ளும் தளத்தை நடத்தும் கிட்ஹப் நிறுவனம் திறமூல உலகில் இருப்பவர்களிடம் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தியது. கையேடு போன்ற ஆவணங்கள் அரைகுறையாகவும் காலாவதியாகவும் இருப்பதுதான் எங்கும் காணும் பிரச்சினை என்று 93 விழுக்காட்டினர் சொன்னார்கள். ஆனால், மென்பொருளுக்குப் பங்களிப்பவர்களிலேயே 60 விழுக்காட்டினர் ஆவணங்களின் பக்கம் வருவது அரிது, அல்லது வருவதே இல்லை.

சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் கதை ஒன்றைச் சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன்னால், கோப்புகளைக் காப்புநகல் எடுத்துவைக்கும் ஒரு சின்ன மென்பொருளை நிறுவ உட்கார்ந்தேன். பெயர் வேண்டாம், அதை உருவாக்கியவர்கள் நல்ல மனிதர்கள். கையேடு மூன்றே பத்தி. நிறுவு, அமைப்புக் கோப்பில் இந்த இரண்டு வரியை மாற்று, பிறகு உலாவியில் திறந்து பார். திறந்து பார்த்தேன். நான் மாற்றியது எதுவும் அதில் இல்லை. எழுத்துப் பிழையாக இருக்கும் என்று கோப்பை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன். எல்லாவற்றையும் நீக்கிவிட்டு முதலிலிருந்து நிறுவினேன். ஒரு முறை இல்லை, மூன்று முறை. நள்ளிரவு தாண்டிவிட்டது. வெறுத்துப்போய்க் கணினியை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் எழுந்து கணினியைப் போட்டேன். எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது.

சந்தோஷப்பட வேண்டியவன்தான். எனக்கோ கோபம் வந்தது. இரவெல்லாம் அசையாமல் கிடந்தது காலையில் தானாக எப்படிச் சரியாகும்? யோசித்தபோதுதான் புரிந்தது. அமைப்புக் கோப்பை மாற்றினால், பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் அந்தச் சேவையை ஒரு தடவை நிறுத்தித் தொடங்க வேண்டும். கணினியை அணைத்துப் போட்டபோது அது தற்செயலாக நடந்துவிட்டது. கையேட்டில் அந்த ஒரு வரி இல்லை. எழுதியவர் வேண்டுமென்று விடவில்லை. அவர் அதை ஆயிரம் தடவை செய்திருப்பார். மாடிப்படி ஏறும்போது எந்தக் காலை முதலில் வைத்தோம் என்று நமக்கு நினைவிருக்கிறதா? அந்த மாதிரி, அது அவர் கையிலேயே இருந்த பழக்கம். மனதுக்கு வரவே இல்லை, எழுத்துக்கு எப்படி வரும்?

சரி, திருத்தி அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று பத்தி எழுதினேன். அதில் ஒன்றரைப் பத்தி என் இரவு வீணான சோகம். வருகிற திருத்தங்களைப் பார்த்துச் சேர்க்கும் பராமரிப்பாளர் பொறுமையாகப் பதில் எழுதினார்: நன்றி, இதை ஒரே வரியில் சொல்ல முடியுமா, இரண்டு இயங்குதளங்களில் கட்டளை வேறுவேறாக இருக்கிறதே, இரண்டையும் சேர்க்க முடியுமா? நியாயமான கேள்விகள்தான். ஆனாலும் முகம் சுருங்கிவிட்டது. இரண்டு நாள் பதிலே எழுதவில்லை. அப்புறம் எழுதினேன். ஒரு வரி, இரண்டு கட்டளைகள். ஏற்றுக்கொண்டார்கள். என் முதல் பங்களிப்பு அது.

நான் சொல்ல வந்தது அடுத்துதான் இருக்கிறது. ஒரு வருடம் கழித்து அதே கையேட்டை முழுக்கப் படித்தேன், இன்னும் என்னென்ன திருத்தலாம் என்று பார்க்க. ஒன்றுமே தென்படவில்லை. எல்லாம் தெளிவாக இருப்பதாகவே பட்டது. கையேடு மாறவில்லை, நான் மாறிவிட்டேன். எனக்கும் பழகிவிட்டது. அதற்குள் நானும் அந்தப் பராமரிப்பாளர் மாதிரி ஆகிவிட்டேன்.

ஆகவே புதிதாக வருபவரிடம் இருக்கும் தெரியாமை ஒரு பெரிய கருவி. சில நாட்கள்தான் அது கையில் இருக்கும். தடுக்கிய இடத்தை அன்றைக்கே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு எழுதலாம் என்று விட்டால், நாளைக்கு அந்த இடம் உங்கள் கண்ணிலேயே படாது. மறுபடியும் சொல்கிறேன், அன்றைக்கே.

குறித்துவைத்ததை என்ன செய்வது? வானொலியில் கட்டளைகளை வாசித்துக் காட்ட முடியாது, வாசித்தால் நீங்கள் வேறு நிலையத்துக்குப் போய்விடுவீர்கள். போக்கை மட்டும் சொல்கிறேன். பல கையேடுகளில் பக்கத்தின் மேலேயோ கீழேயோ ‘இந்தப் பக்கத்தைத் திருத்து’ என்று ஒரு இணைப்பு இருக்கும். அதை அழுத்தினால் அந்தப் பக்கத்தின் மூலக் கோப்பு வரும். பயப்பட வேண்டாம், அது பெரும்பாலும் சாதாரண எழுத்துதான். மார்க்டவுன் என்ற முறையில் எழுதியிருப்பார்கள். ஜான் க்ரூபர் 2004இல் வெளியிட்டது. தலைப்புக்கு ஒரு குறி, பட்டியலுக்கு ஒரு குறி, அவ்வளவுதான். ஒரு சாயங்காலத்தில் பழகிவிடும். அதில் உங்கள் திருத்தத்தைச் செய்து, என்ன மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று இரண்டு வரி எழுதி அனுப்ப வேண்டும். இதை ஓரிடத்தில் புல் ரிக்வெஸ்ட் என்பார்கள், வேறோர் இடத்தில் மெர்ஜ் ரிக்வெஸ்ட் என்பார்கள். பெயர்தான் வேறு. ‘நான் இப்படி மாற்றியிருக்கிறேன், சரியென்றால் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்பதுதான் பொருள். அவர்கள் சேர்க்கும்வரை மூலத்தில் எதுவும் மாறாது. ஆகவே நீங்கள் எதையும் கெடுத்துவிட முடியாது. பலரைத் தடுப்பது இந்தப் பயம்தான், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

அனுப்புவதற்கு முன்னால் அந்தத் திட்டத்தின் பங்களிப்பு விதிகளைப் படித்துவிடுங்கள். பல திட்டங்களில் காண்ட்ரிபியூட்டிங் என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கும். அப்புறம், நீங்கள் எழுதிய கட்டளையை நீங்களே ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள், முடிந்தால் எதுவுமே நிறுவாத புதுச் சூழலில். ஓட்டிப் பார்க்காத கட்டளையைக் கையேட்டில் போடுவது, போகாத ஊருக்கு வழி சொல்வது போலத்தான். எழுதவே தயக்கமா? இஷ்யூ என்று ஒரு குறிப்புப் போடுங்கள். எந்தப் பக்கம், எந்தப் பதிப்பு, என்ன செய்தேன், என்ன வரும் என்று எதிர்பார்த்தேன், என்ன வந்தது. இந்த ஐந்தும் இருந்தால் மற்றவர் பார்த்துக்கொள்வார்.

ஒரு வரித் திருத்தமும் பங்களிப்புதான். அதற்காக எண்ணிக்கை சேர்க்கக் கிளம்பிவிடாதீர்கள். திறமூலத்துக்குப் பங்களிக்க ஊக்குவிப்பதற்காக ஆண்டுதோறும் அக்டோபரில் நடக்கும் நிகழ்வு ஹாக்டோபர்ஃபெஸ்ட். 2020இல் அதில், குறிப்பிட்ட எண்ணிக்கையில் பங்களித்தால் டி-ஷர்ட் தருவதாக வழக்கம்போல் அறிவித்திருந்தார்கள். சிலர் செய்ததைக் கேளுங்கள். முன்பின் தெரியாத திட்டங்களின் முகப்புக் கோப்பில் ‘அருமையான திட்டம்’ என்று இரண்டு சொல்லைச் சேர்த்து வரிசையாக அனுப்பித் தள்ளினார்கள். பராமரிப்பாளர்கள் கதறிவிட்டார்கள். விரும்பிச் சேரும் திட்டங்களுக்கு மட்டும்தான் கணக்கு என்று நடுவிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. அவர்கள் யாரும் எங்கும் தடுக்கியவர்கள் இல்லை. தடுக்காத இடத்தில் போடுகிற வரிக்கு வேலை இல்லை.

எனக்கு இன்னொரு கிறுக்கும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். கையேட்டில் ‘எளிதாக’, ‘வெறுமனே’ என்ற சொற்களைப் பார்த்தால் கை அரிக்கும். ‘எளிதாக இதை அமைத்துவிடலாம்’ என்று எழுதியிருக்கும். அமைக்க முடியாமல் திணறுகிறவருக்கு அது எப்படி இருக்கும்? அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் வாக்கியத்தில் ஒரு குறையும் வராது. நான் அனுப்பிய திருத்தங்களில் கணிசமானவை இப்படி ஒரு சொல்லை நீக்கியவைதான்.

இதற்கு நேர்மாறான ஒரு பழைய வழக்கத்தையும் சொல்ல வேண்டும். லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேடு 1971 நவம்பரில் வந்தது. கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதியது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பக்கம். அந்தப் பக்கத்திலேயே ‘பக்ஸ்’ என்று ஒரு பகுதி. இந்தக் கட்டளையில் இன்ன கோளாறு இருக்கிறது என்று செய்தவர்களே அதில் எழுதிவைத்தார்கள். இன்றும் லினக்ஸில் மேன் என்று தட்டி, கூடவே ஒரு கட்டளையின் பெயரையும் தட்டிப் பாருங்கள், பல பக்கங்களில் அந்தத் தலைப்பு அப்படியே இருக்கும். தன் குறையைத் தானே சொல்லிவிடுகிற கையேட்டை நம்பிக் கீழே இறங்கலாம். நீங்கள் தடுக்கிய இடத்தைத் திருத்த முடியாவிட்டால், ‘இந்த இடம் வழுக்கும்’ என்று எழுதிவைப்பதும் பங்களிப்புதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம். மொழிபெயர்ப்பைப் பற்றித்தான் நிறையப் பேச நினைத்திருந்தேன். ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். வெப்லேட் மாதிரி கருவிகளில் உலாவியிலிருந்தே வரி வரியாக மொழிபெயர்க்கலாம். தொடங்குவதற்கு முன்னால் கலைச்சொல் பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். ஒரே கோப்பு ஓரிடத்தில் கோப்பாகவும் இன்னோரிடத்தில் ஆவணமாகவும் மூன்றாவது இடத்தில் ஃபைலாகவும் இருந்தால் படிப்பவர் என்ன செய்வார்? இயந்திரம் மொழிபெயர்த்ததை வாசிக்காமல் அனுப்பாதீர்கள். பிறர் எழுதியதை எடுத்து ஒட்டாதீர்கள். கையேட்டுக்கென்றே தனி உரிமம் இருக்கக்கூடும், 2000இல் வந்த குனூ கட்டற்ற ஆவண உரிமம் போல, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். படங்களைப் பற்றி, ஸ்கிரீன்ஷாட் எவ்வளவு சீக்கிரம் பழசாகிறது என்பதைப் பற்றி... சரி, கையை ஆட்டிவிட்டார்கள். இன்னொரு நாள் அழைத்தால் அங்கிருந்து தொடங்குகிறேன். வணக்கம்.