நிலம், பொழுது, தகடு

(கவின்கலை மாணவர்களும் ஓவிய ஆர்வலர்களும் கூடியிருந்த அவையில் அச்சோவியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

நிலக்காட்சிகளை அச்சோவியங்களாக, அதாவது செதுக்கிய பலகையிலோ அரித்த தகட்டிலோ மையிட்டுத் தாளில் எடுக்கும் படங்களாகச் செய்வது, கற்பிப்பது, காட்சிக்கு வைப்பது ஆகிய மூன்றையும் பற்றிப் பேசுமாறு என்னைக் கேட்டுக்கொண்டீர்கள். மூன்றிலும் எனக்குத் துணைநின்ற கருத்து ஒன்றுதான். லினோலியம் விரிப்பாகிய லினோவில் செதுக்குவதா, மரப்பலகையில் செதுக்குவதா, செப்புத் தகட்டை அமிலத்தில் இடுவதா என்பதை, நாம் பார்த்த நிலமும் பார்த்த பொழுதும் தீர்மானிக்க வேண்டும். கைக்குப் பழகிய ஒரு முறைக்குள் எல்லா நிலங்களையும் அடைத்துவிடும் வழக்கம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. அந்த வழக்கத்தை மாணவர்களாகிய நீங்களாவது கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே வந்திருக்கிறேன்.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் பிரிக்காமல், இரண்டையும் சேர்த்தே முதற்பொருள் என்கிறது. பள்ளியில் செய்யுள் இலக்கணமாகப் படித்த இந்தச் செய்தி, பிற்காலத்தில் என் பட்டறையில் அன்றாடம் பயன்படும் விதியாயிற்று. தேரிக்காட்டின் நண்பகலும் அதே தேரிக்காட்டின் மாலையும் எனக்கு இரண்டு வேறு நிலங்கள். ஒன்றுக்கு எடுத்த உளி மற்றொன்றுக்கு உதவுவதில்லை.

திருச்செந்தூர், சாத்தான்குளம் வட்டாரத்தை அறிந்தவர்களுக்குத் தேரியை விளக்க வேண்டியதில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இரும்பு ஆக்சைடு படிந்து செக்கச்சிவந்த மணல், கடற்கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி மேடுமேடாகக் கிடக்கிறது. பனையும் உடைமரமும் முந்திரியும் அதில் வேர்பிடித்து நிற்கின்றன. கற்கால மனிதர்கள் செய்த நுண்கற்கருவிகள் அந்த மணலிலிருந்து கிடைத்திருக்கின்றன. அத்தனை பழைய நிலமாக இருந்தும், மேல்காற்று வீசும் மாதங்களில் அதன் மேற்பரப்பு ஓயாமல் இடம்பெயர்ந்துகொண்டே இருக்கும். காலையில் நடந்த தடம் மாலையில் இருக்காது.

நண்பகலில் அங்கே நின்று பார்த்தால், பனையின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கியிருக்கும். கண்கூசும் வெளிச்சம் ஒருபுறம், ஓலைக்கொண்டைக்கு உள்ளே அடர்ந்த இருள் மறுபுறம். இடைப்பட்ட சாயல் என்று சொல்லத்தக்கது அநேகமாக எதுவும் இல்லை. லினோவிலும் அப்படித்தான். செதுக்காமல் விட்ட பரப்பு மையை ஏற்கும். செதுக்கிய இடத்தில் தாளின் வெண்மை நிற்கும். கரிக்கோலால் வரைபவர் வெள்ளைத் தாளில் இருளைச் சேர்த்துக்கொண்டே போகிறார். லினோவில் வேலை செய்பவரோ முழு இருளிலிருந்து தொடங்கி, உளி செல்லும் வழியெல்லாம் வெளிச்சத்தைத் திறந்துகொண்டு போகிறார். அந்த நண்பகலுக்கு இதைவிடப் பொருத்தமான முறையை நான் கண்டதில்லை. அங்கே மணல் சிவப்பாயிற்றே, சிவப்பு மையில் ஏன் அச்சிடவில்லை என்று பலர் கேட்டிருக்கிறார்கள். சிவப்பு மை பூசிய மணல், வெண்தாளாகிய வானத்தைவிட இருண்டு பின்வாங்கிவிடும். உண்மையில் அந்த வேளையில் மணலும் வானத்துக்கு இணையாகக் கண்ணைக் கூசச்செய்கிறது. ஆகவே மணலையும் வெண்மையாகவே விட்டு, கறுப்பு மை ஒன்றிலேயே என் தேரிப் படங்களின் வரிசை முழுவதையும் அச்சிட்டேன்.

அங்கிருந்து தொலைவில் இல்லாத ஸ்ரீவைகுண்டத்துக்கு மார்கழி விடியலில் போய்ப் பாருங்கள். தாமிரபரணி நீர் பாயும் வயல்களின்மேல் பனிமூட்டம் படிந்திருக்கும். வரப்பு எங்கே முடிகிறது, நீர் எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பிரித்தறிய முடியாது. அங்கே லினோ உளிக்கு வேலையில்லை. அக்வாடின்ட் முறைதான் அதற்கு உரியது. செப்புத் தகட்டின்மேல் பிசின் பொடியைத் தூவிச் சூடேற்றினால் பொடி உருகித் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். துகள்களுக்கு இடையே உள்ள நுண்ணிய வெளிகளை மட்டும் அமிலம் அரிக்கும்; அரித்த பள்ளங்களில் மை தங்கும். அரிப்பு போதும் என்று தோன்றும் பகுதியை வார்னிஷால் மூடிவிட்டு, எஞ்சியதை மீண்டும் அமிலத்தில் இட வேண்டும். அமிலத்தில் கிடந்த நேரமே தாளில் சாயலின் அடர்த்தியாகிறது.

இங்கே நம் ஊரின் தட்பவெப்பமும் தகட்டுக்குள் வந்துவிடுகிறது. குளிர்நாடுகளில் எழுதப்பட்ட கையேடுகள் தரும் நேரக்கணக்கு சென்னையின் சித்திரை மாதத்துக்குப் பொருந்தாது. வெப்பம் ஏற ஏற அரிப்பும் விரைவாகும். ஆகையால் ஒவ்வொரு பருவத்திலும் சிறு தகட்டுத் துண்டு ஒன்றில் சோதித்துப் பார்த்த பிறகே பெரிய தகட்டை இறக்குகிறேன். வெயில் காலத்தில் மை இளகி ஓடும். மெக்னீசியம் கார்பனேட் பொடி சேர்த்து அதை இறுக்க வேண்டும். ஐப்பசி அடைமழையில், நனைத்து வைத்த தாளைக் கவனிக்காமல் விட்டால் பூஞ்சை பிடித்துவிடும். குளிர்நாடுகளில் லினோவைச் சூடாக்கினால்தான் உளி இறங்கும் என்பார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

அக்வாடின்ட் நம் நிலத்துக்குப் புதிதல்ல. 1786இல் இந்தியா வந்த ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியலும் 1792இல் தென்னாட்டுக்கு வந்து, கோயில்களையும் மலைகளையும் பாபநாசம் அருவியையும் வரைந்து சென்றார்கள். 1795 முதல் 1808 வரை லண்டனில் அவர்கள் வெளியிட்ட 144 அக்வாடின்ட்களில் அவையும் அடங்கும். அருவியின் சாரலுக்கும் மலையின் ஈரக் காற்றுக்கும் அந்த முறை எவ்வளவு இசைந்துபோகிறது என்பதை வியந்து பார்த்திருக்கிறேன். ஆனால் அதே மென்மையான ஒளியைத்தான் சமவெளிக் காட்சிகளுக்கும் அவர்கள் தந்தார்கள். அவற்றில் நம் நண்பகலை நான் காணவில்லை.

நிலம் கேட்டதற்காகப் புதிய முறையையே உருவாக்கியவர் கிருஷ்ணா ரெட்டி என்று நான் கருதுகிறேன். 1925இல் சித்தூர் மாவட்டத்தில் பிறந்து, சாந்திநிகேதனில் பயின்று, சென்னைக் கலாக்ஷேத்ராவில் சில காலம் கற்பித்துவிட்டு, பின்னர் பாரிசில் ஆங்கிலேய அச்சோவியர் ஹேட்டர் நடத்திய அட்டெலியே 17 என்ற பட்டறையில் பணியாற்றியவர் அவர். சிற்பியைப் போலத் தகட்டைப் பல ஆழங்களில் குடைந்தார். எண்ணெயின் அளவை மாற்றி வெவ்வேறு இளக்கத்தில் மைகளைத் தயாரித்து, கெட்டியான உருளையாலும் மென்மையான உருளையாலும் ஒன்றன்மேல் ஒன்றாக அவற்றை ஏற்றினால், ஒரு மை மற்றொன்றுடன் கலக்காமல் விலகி நிற்கும். பல வண்ணங்கள் ஒரே தகட்டிலிருந்து ஒரே அழுத்தத்தில் தாளில் இறங்கும். அலையையும் சுழலையும் அவர் அச்சிட்ட படங்களில், வண்ணங்கள் நீரைப் போலவே ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஓடுகின்றன. மாணவர்கள் அந்தப் படங்களை நேரில் பார்க்கும் வாய்ப்பைத் தவறவிடக் கூடாது.

கற்பித்தலைப் பற்றிச் சொல்கிறேன். மாணவர்கள் பெரும்பாலும் கைப்பேசியில் எடுத்த படத்துடன் வருகிறார்கள். அதில் எல்லாச் சாயல்களும் சமமாக இருக்கும். எதை விடுவது, எதைக் கொள்வது என்ற கேள்வியே எழாது. எனவே அந்த இடத்துக்கே திரும்பப் போய், தூரிகையும் கறுப்பு மையும் மட்டும் கொண்டு வரைந்துவரச் சொல்வேன். அந்த வரைபடத்தைப் பார்த்த பிறகுதான் முறையைப் பற்றிய பேச்சு. நீலகிரியிலிருந்து வந்த மாணவி ஒருவர் தேயிலைச் சரிவின் மூடுபனியை லினோவில் கொண்டுவரப் பலமுறை முயன்று, கடைசியில் உலர் ஊசி முறைக்கு மாறினார். செப்பில் ஊசியால் கீறும்போது ஓரத்தில் எழும் பிசிறு மையைப் பிடித்துவைத்துக்கொண்டு, கோட்டை மங்கலாகப் படரவிடும். அந்தப் பிசிறு சில பிரதிகளுக்குள் தேய்ந்துவிடும் என்று சொன்னேன். நல்ல பிரதிகள் சில கிடைத்தால் போதும் என்றார் அவர். அந்தத் தெளிவு எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. காற்றோட்டமில்லாத அறையில் நைட்ரிக் அமிலத்தைத் திறந்து வைத்துக் கற்பிப்பதை நான் ஏற்பதில்லை. செம்புக்கு ஃபெரிக் குளோரைடு இருக்கும்போது இளைஞர்களின் நுரையீரலைப் பணயம் வைக்கத் தேவையில்லை.

இடவல மாற்றத்திலும் நான் கண்டிப்பாக இருக்கிறேன். தகட்டில் இடப்பக்கம் இருப்பது தாளில் வலப்பக்கம் வரும். வரைந்ததை மெல்லிய தாளில் பிரதியெடுத்து, திருப்பி வைத்துத்தான் செதுக்கத் தொடங்க வேண்டும். இயற்கைக் காட்சிதானே, எந்தப் பக்கம் இருந்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். தேரி வரிசையை அந்தப் பகுதியின் சிற்றூர் ஒன்றில், பள்ளித் திண்ணையில் காட்சிக்கு வைத்தபோது, பனையேறும் பெரியவர் ஒருவர் ஒரு படத்தின்முன் நெடுநேரம் நின்றார். பிறகு, “தம்பி, இதுல ஆடிக் காத்துல்லா அடிக்கு” என்றார். தெற்கே பார்த்து நின்று நான் அதை வரைந்தது ஆடி மாதத்தில்தான். ஓலைகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்பதை வைத்தே அவர் மாதத்தைச் சொன்னார். திருப்பாமல் செதுக்கியிருந்தால் காற்று கடலிலிருந்து வீசியிருக்கும், மாதமும் மாறியிருக்கும்.

நகரத்துக் காட்சிக்கூடங்களில் என்னிடம் அதிகம் கேட்கப்படுவது, இது ஒரிஜினலா, பிரதியா என்பதே. படத்தின்கீழ் பென்சிலால் 5/20 என்று, அதாவது இருபது பிரதிகளில் ஐந்தாவது என்று எழுதியிருப்பதைப் பார்த்து, ஏதோ ஒரு மூல ஓவியத்தை எந்திரத்தில் நகலெடுத்ததாக எண்ணிக்கொள்கிறார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை; எடுத்துச் சொல்லாதது நம் குறை. அச்சோவியத்துக்குத் தாளுக்கு வெளியே மூல ஓவியம் கிடையாது. ஒவ்வொரு தாளும் கையால் மையிட்டு, துடைத்து, அழுத்தி எடுக்கப்பட்ட மூலமே. இதை விளக்கும் பலகையை எழுதி மாட்டுவதைவிட, செதுக்கிய லினோவையும் தகட்டையும் மேசைமேல் வைத்து, தொட்டுப் பார்க்கச் சொல்வது பயன் தருகிறது. விரல் பள்ளத்தில் இறங்கியதும் பெரும்பாலோர் அந்தக் கேள்வியை விட்டுவிடுகிறார்கள். சட்டமிடும்போது தகட்டின் அழுத்தத் தடம் மறையாதபடி ஓரத்தில் இடம்விடச் சொல்லுங்கள். பல கடைகளில் அதை வெட்டி மறைத்துவிடுவார்கள்.

பல பிரதிகள் எடுக்க முடிவதில் எனக்கு மிகவும் பிடித்த வசதி இன்னொன்று. ஒவ்வொரு வரிசையிலும் ஒரு பிரதியை, அது பிறந்த ஊரிலேயே விட்டுவருகிறேன். பள்ளியிலோ நூலகத்திலோ அது இருக்கும். விற்பனையாகும் பிரதிகளின் தொகை அடுத்த தாளுக்கும் மைக்கும் ஆகிறது.

தேரி வரிசையின் லினோப் பலகைகளைக் கொண்டுவந்திருக்கிறேன். வெளியே மேசையில் மையும் உருளையும் தாளும் உள்ளன. அழுத்து எந்திரம் இல்லாததால் மரக்கரண்டியின் முதுகால் தேய்த்தே அச்செடுக்க வேண்டும். எடுக்கும் தாள்களில் எண்ணோ கையொப்பமோ இடாமல், சோதனைப் பிரதி என்று மட்டும் எழுதி வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள்.