கறுப்பு கறுப்பாகவே தெரிய

நேயர்களுக்கு வணக்கம்ங்க. திருப்பூர்ச் சாயப்பட்டறையில் ஷேடு பார்க்கிறவர்களுக்குத் தெரியும்: டியூப்லைட்டில் ஒத்துப்போகிற இரண்டு துணிகள் வெயிலில் வேறுவேறாகத் தெரியலாம். நிறத்தில் பாதி வேலை வெளிச்சத்துடையது. குவாண்டம் டாட் ஓஎல்இடி டிவி கை வைப்பதும் அந்த வெளிச்சத்தில்தான். புள்ளி ஒவ்வொன்றும் தானே ஒளிரும் திரைக்குத்தான் ஓஎல்இடி என்று பேர்.

இந்த டிவியில் ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் இருக்கிற சிவப்பு, பச்சை, நீலம் மூன்று துணைப்புள்ளிகளுக்கும் பின்னால் எரிவது நீல ஒளி ஒன்றே. நீலப் புள்ளியில் அது அப்படியே வெளிவரும். மற்ற இரண்டிலும் குவாண்டம் டாட் துகள்கள் நீலத்தை வாங்கிக்கொண்டு பச்சையாகவும் சிவப்பாகவும் திருப்பித் தரும். துகளின் அகலம் சில நானோமீட்டர். மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறுதான் ஒரு நானோமீட்டர். சரக்கு ஒன்றேதான், துகள் சிறிதானால் பச்சை, கொஞ்சம் பெருத்தால் சிவப்பு. இந்தத் துகள்களுக்காகத்தான் பவெண்டி, ப்ரூஸ், எகிமோவ் மூவருக்கும் 2023-ல் வேதியியல் நோபல் கிடைத்தது.

ஏன் நீலம்? கீழ்பவானி வாய்க்கால் தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தானே பாயும். ஆற்றல் மிகுந்த நீலத்தைச் சிவப்பாக இறக்கலாம். சிவப்பை நீலமாக ஏற்றுவது அவ்வளவு லேசல்ல.

வெள்ளை ஓஎல்இடி என்கிற இன்னொரு வகை டிவியில் வெள்ளொளியை வடிகட்டித்தான் நிறம் எடுக்கிறார்கள். வடிகட்டி பெரும்பகுதி ஒளியைத் தின்றுவிடும். அதை ஈடுகட்ட வெள்ளைப் புள்ளி ஒன்றைச் சேர்ப்பதால், வெளிச்சம் கூடும்போது நிறம் வெளிறும். குவாண்டம் டாட் டிவியில் அந்தக் குறை இல்லை. பொள்ளாச்சி மாட்டுச் சந்தையை வெயிலில் படமெடுத்துப் போட்டாலும், கொம்பில் பூசிய சிவப்பு சிவப்பாகவே நிற்கும்.

குறையும் உண்டு. 2022-ல் கடைக்கு வந்த முதல் டிவிகளில், வழக்கமாகப் பிரதிபலிப்பை அடக்கும் போலரைசர் படலம் கிடையாது. வெளி வெளிச்சம் பட்டால் கறுப்பு லேசான ஊதாச் சாம்பலாகத் தெரியும். நம் வீடுகளில் டிவியை முன்வாசலுக்கு நேர் எதிரே வைப்பது வழக்கம். இந்த டிவிக்கு அது ஆகாது. பக்கச்சுவரில் மாட்டுங்கள்.

இன்னொன்று, நீல ஒளி தரும் பொருள் மெல்லத் தேயும். செய்திச் சேனலின் ஓடும் பட்டையை நாள் முழுக்க ஓடவிட்டால் அந்த இடம் கூடுதலாகத் தேய்ந்து தழும்பு போல நின்றுவிடும். இந்தத் தேய்மானத்தை டிவி தானே அளந்து சரிசெய்யும். ஆனால் ரிமோட்டில் அணைத்த பிறகு, மின்சாரம் இருக்கும்போதுதான் அந்த வேலை நடக்கும். படுக்கப் போகுமுன் சுவர் சுவிட்சையும் அணைக்கிற நல்ல பழக்கத்தை இந்த டிவிக்கு மட்டும் தளர்த்துங்கள். இடி மின்னல் நாளில் மட்டும் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.