மழை வர வேண்டும், கொஞ்சம் பொறுத்து

நேயர்களுக்கு வணக்கம். தமிழ் பைபிள் வாசிப்பவர்களுக்குக் கூடாரப்பண்டிகை என்ற பெயர் தெரிந்திருக்கும். யூதர்கள் அதைச் சுக்கோத் என்பார்கள். செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ, யூத நாட்காட்டியின் திஷ்ரி மாதப் பௌர்ணமியில் தொடங்கி ஏழு நாள் நடக்கும். களத்துத் தானியமும் திராட்சை ரசமும் வீடு வந்து சேர்ந்த பிறகு கொண்டாடுகிற அறுவடைத் திருநாள் இது.

ஐந்து நாள் முன்னால்தான் யோம் கிப்பூர் என்கிற பாவநிவாரண நாளின் உபவாசம் முடிந்திருக்கும். அன்று இரவே குடிசைக்கு முதல் கம்பை நட்டுவிடுகிறவர்கள் உண்டு. அந்தக் குடிசையின் பெயர் சுக்கா. சுவர் பலகையாகவும் இருக்கலாம், துணியாகவும் இருக்கலாம். கூரைக்குத்தான் கண்டிப்பு அதிகம். மண்ணில் விளைந்து, வெட்டியெடுத்த கிளையோ கீற்றோ மூங்கிலோதான் போட வேண்டும். நிற்கிற மரத்தின் நிழல் கணக்கில் சேராது. உள்ளே வெயிலைவிட நிழல் அதிகம் விழ வேண்டும். ஆனாலும் இரவில் நட்சத்திரம் தெரியும்படி இடைவெளி விடுவார்கள். நம் பக்கத்துக் கொச்சியில் வாழ்ந்த யூதர்கள் தென்னங்கீற்றால் வேய்ந்தார்கள். ஜெருசலேமில் பல அடுக்குமாடிகளில் ஒரு பால்கனிக்கு நேர் மேலே இன்னொன்று வராமல் தள்ளித் தள்ளிக் கட்டியிருப்பார்கள். சுக்காவுக்கு மேலே வானம் இருந்தாக வேண்டுமே!

எகிப்திலிருந்து வெளியேறிய முன்னோர்கள் குடிசைகளில் தங்கியதைப் பிள்ளைகள் மறக்கக் கூடாது என்று லேவியராகமம் காரணம் சொல்கிறது. சரி, அதோடு முடிந்துவிடவில்லை. எனக்கு இது மழைக்கு ஏங்கும் பண்டிகையாகவே தெரிகிறது.

அந்த நாட்டில் கோடை முழுக்க மழையே இருக்காது. பண்டிகையில் கையில் பிடிப்பவை ஒரு பேரீச்சங்குருத்து, மிர்ட்டில் என்ற வாசனைச் செடியின் மூன்று கிளை, இரண்டு ஆற்றலரிக் கிளை, எலுமிச்சை இனத்து எத்ரோக் பழம் ஒன்று. தண்ணீர் இல்லாமல் இவற்றில் எதுவும் தழைக்காது. பழத்தை வாங்கும்போது தோலில் புள்ளி இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துக்கூடப் பார்ப்பார்கள். அந்தக் காலத்தில் ஜெருசலேமின் சீலோவாம் குளத்துத் தண்ணீரை எடுத்துவந்து அங்கிருந்த ஆலயப் பலிபீடத்தில் ஊற்றினார்கள். அந்த விழாவின் களிப்பைப் பார்க்காதவன் வாழ்க்கையில் களிப்பையே பார்க்காதவன் என்கிறது யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா நூல்.

ஆனால் குடிசையில் இருக்கும்போது மழை பெய்தால் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்வதில்லை. எஜமானுக்குக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுக்க வந்த வேலைக்காரனின் முகத்தில் எஜமான் திருப்பி ஊற்றியது போல என்று மிஷ்னா உவமை சொல்கிறது. அதனால் ஏழு நாளும் பொறுத்து, எட்டாம் நாள்தான் ஜெபத்தில் மழையைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள்.

அப்போதும் 'மழையைக் கொடு' என்று நேராகக் கேட்பதில்லை. இஸ்ரேலில் அதற்கு இன்னும் பதினைந்து நாள் காத்திருப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த சட்டம் இதுதான். ஜெருசலேமுக்கு யாத்திரை வந்தவர்களில் வெகு தூரம் போக வேண்டியவர், நனையாமல் யூப்ரடீஸ் நதிவரை நடந்து போய்ச் சேர வேண்டும். அதற்காகத்தான் அந்தப் பதினைந்து நாள். ஆலயம் இடிந்து இரண்டாயிரம் ஆண்டு நெருங்குகிறது. அப்படி நடந்து திரும்புகிறவர் இன்று யாரும் இல்லை. இஸ்ரேலில் இன்றும் திஷ்ரிக்கு அடுத்த ஹெஷ்வான் மாதம் ஏழாம் தேதி வந்த பிறகே மழையைக் கேட்கிறார்கள்.