பெயர் இல்லாத முகங்களை வரைந்த நூரி இயெம்

வணக்கம் மக்களே! திரையில இப்ப ஒரு முகம் வருது. நான் கொஞ்ச நேரம் பேசாம இருக்கேன், நீங்க அதையே பாருங்க.

பார்த்தாச்சா? இதை வரைஞ்சவர் நூரி இயெம். துருக்கிக்காரர். 1915ல இஸ்தான்புல்ல பொறந்தார், 2005ல அதே ஊர்லதான் காலமானார். 90 வருஷ வாழ்க்கையில கடைசி 40 வருஷம் அவர் கை அதிகமா வரைஞ்சது இந்த மாதிரி பெண் முகங்களைத்தான்.

இப்ப கிட்டப் போய்ப் பாருங்க. கண்ணு எவ்வளவு பெருசு! நிஜத்துல யாருக்கும் இவ்வளவு பெரிய கண்ணு இருக்காது. புருவம் வளைஞ்சு வந்து மூக்குத்தண்டுல ஒரே கோடா இறங்குது. உதடு இறுக்கி மூடியிருக்கு. தலைத்துணி நெத்தியைப் பாதி மறைச்சு, ரெண்டு கன்னத்தையும் ஒட்டி இறங்கி, முகத்துக்குச் சட்டம் போட்ட மாதிரி நிக்குது. கழுத்து கொஞ்சூண்டுதான் தெரியுது. படத்தோட நாலு ஓரமும் முகத்தை நெருக்கிக்கிட்டு இருக்கறதால, உங்க கண்ணை வேற எங்கயும் திருப்ப முடியாது. அந்தப் பொண்ணு உங்களைப் பார்க்கிறா, நீங்களும் பார்த்துத்தான் ஆகணும்.

நிறம் எல்லாம் காவி, பழுப்பு, கருஞ்சிவப்பு. நிறைய படங்களை கேன்வாஸ்ல போடாம ஹார்ட்போர்டு, அதாவது மரநாரை அழுத்திச் செஞ்ச பலகை மேல ஆயில் பெயிண்ட்ல போட்டிருக்கார். துணி மாதிரி அது நெகிழ்ந்து கொடுக்காது, எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும். அந்த முகங்கள்ல தெரியற உறுதிக்கு அதுவும் ஒரு காரணம்னு எனக்குத் தோணும்.

ஒரு விஷயம் கவனிங்க. இவ யாருன்னு படத்துல எங்கயும் இல்ல. அவரோட நிறைய படங்களுக்குத் தலைப்பே 'போர்ட்ரெய்ட்', 'பெண்' அப்படின்னுதான் இருக்கும். இது சாதாரண விஷயம் இல்லைங்க. துருக்கியில போர்ட்ரெய்ட்னு பேச்சு வந்தா, எல்லாரும் முதல்ல சொல்றது சுல்தான் இரண்டாம் மெஹ்மெத்தோட படம். வெனிஸ்ல இருந்து வந்த ஜென்டிலே பெல்லினி 1480ல வரைஞ்சது, இப்ப லண்டன் நேஷனல் கேலரியோட சொத்து. அதுக்கப்புறமும் போர்ட்ரெய்ட்னா சுல்தான், பாஷான்னு பட்டம் வாங்கின பெரிய அதிகாரிங்க, குடியரசு வந்த பிறகு தலைவர்கள், பெரிய மனுஷங்க. உட்கார்ந்து போஸ் கொடுக்க நேரமும், ஓவியருக்குக் கொடுக்கக் காசும் இருக்கிறவங்களோட சமாச்சாரம் அது. வயல்ல களை எடுக்கிற பொண்ணுக்கு யார் போர்ட்ரெய்ட் வரைவாங்க? நூரி இயெம் வரைஞ்சார். அதுவும் கூட்டத்துல ஒருத்தியா, தூரத்துல ஒரு புள்ளியா வரையல. சுல்தானுக்குக் கொடுத்த இடம் முழுசையும் அவளுக்குக் கொடுத்தார். அவரை நான் கொண்டாடறது இதுக்காகத்தான்.

சின்ன வயசுல கொஞ்ச காலம் அவர் வளர்ந்தது தென்கிழக்குல, டைக்ரிஸ் ஆத்தங்கரையில இருக்கிற ஜிஸ்ரேங்கிற ஊர்ல. அந்த வயசுலேயே அக்காவைப் பறிகொடுத்தார். பின்னால வந்த முகங்கள்ல அந்த அக்காவோட கண்ணு இருக்குன்னு அவரைப் பத்திப் பேசறவங்க சொல்லுவாங்க. 1933ல இஸ்தான்புல் நுண்கலை அகாடமியில சேர்ந்தார். இப்ராஹிம் சாலி, பிரான்ஸ்ல இருந்து வந்த லியோபோல்ட் லெவி மாதிரி பெரிய ஆசிரியர்கள்கிட்ட படிச்சார்.

அந்தச் சமயத்துல துருக்கி ஓவியத்துல பாரிஸ் மோகம் ஜாஸ்தி. உருவத்தை வடிவ வடிவமா உடைச்சு வரையற கியூபிசம் கத்துக்கிட்டு வந்தவங்க கைதான் ஓங்கியிருந்தது. இவரும் இவரோட சேக்காளிகளும் 'நம்ம வாசல்ல நடக்கிறதை யாரு வரையறது?'ன்னு கிளம்பிட்டாங்க. 'புதியவர்கள்'னு ஒரு குழு அமைச்சு, 1941ல இஸ்தான்புல்ல பேயோலுங்கிற பகுதியில ஒரு கண்காட்சி வெச்சாங்க. விஷயம் ஒண்ணே ஒண்ணு: துறைமுகம். மீனவன், மூட்டை தூக்கறவன், வலை, படகு. இரண்டாம் உலகப் போர் நடந்துக்கிட்டு இருக்கு. துருக்கி போர்ல இறங்கல, ஆனாலும் அடுத்த வருஷமே இஸ்தான்புல்ல ரொட்டிக்கு ரேஷன் வந்தது. அந்த நேரத்துல இவங்க போய் நின்னது உழைக்கிறவங்க பக்கத்துல.

இப்பதான் கதையில ஒரு திருப்பம். இவ்வளவும் பண்ணின மனுஷன், 1950கள்ல உருவத்தையே விட்டுட்டார்! அரூப ஓவியத்துக்குப் போயிட்டார். வெறும் வண்ணம், வெறும் வடிவம். நண்பர் ஃபெர்ரூஹ் பஷாகாவோட சேர்ந்து ஒரு கட்டடத்தோட பரண் மாடியில ஸ்டுடியோ வெச்சு, இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். பத்து வருஷத்துக்கு மேல இப்படிப் போச்சு. சிலர் இதை வீண் காலம்னு ஒதுக்கிடறாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. திரையில இருக்கிற தலைத்துணியைப் பாருங்க. மடிப்பு மடிப்பா நுணுக்கமா வரையவே இல்ல. நாலஞ்சு பெரிய பரப்பு, ஒண்ணு வெளிச்சம், ஒண்ணு நிழல், அவ்வளவுதான். தேவையில்லாததை எல்லாம் உதறிட்டு, எதை வெச்சா முகம் நிக்கும்னு கண்டுபிடிக்கிற துணிச்சல் அந்த அரூப வருஷங்கள்லதான் அவருக்கு வந்திருக்கணும்.

60கள் நடுவுல, கிட்டத்தட்ட 50 வயசுல, மனுஷ உருவத்துக்கே திரும்பி வந்தார். அப்ப ஊரே மாறிப்போயிருந்தது. அமெரிக்காவோட மார்ஷல் உதவியில டிராக்டர்கள் வந்து இறங்கினதும் விளைச்சல்ல பங்குக்கு அடுத்தவங்க நிலத்துல பயிர் வெச்ச விவசாயிங்களுக்கு வேலை இல்லாம போச்சு. துருக்கியோட ஆசியப் பகுதியான அனத்தோலியா கிராமங்கள்ல இருந்து ஜனங்க சாரை சாரையா நகரத்துக்கு வந்தாங்க. 1950ல இஸ்தான்புல் மக்கள்தொகை சுமார் 10 லட்சம். இருபதே வருஷத்துல அது ரெண்டு மடங்கைத் தாண்டிடுச்சு. நகரத்து விளிம்புல, ராத்திரியோட ராத்திரியா எழுப்பின வீடுகள். 1961ல ஜெர்மனியோட ஒப்பந்தம் ஆனதும் ஆம்பளைங்க அங்க ஃபேக்டரி வேலைக்குக் கிளம்பினாங்க. பொம்பளைங்க பல பேர் ஊர்லயே தங்கிட்டாங்க.

நூரி இயெம் இந்த முழுக் கதையையும் வரைஞ்சிருக்கார். மூட்டை முடிச்சோட நடக்கிற குடும்பம், குடிசை வாசல்ல நிக்கிற தாய், தோளோட தோள் ஒட்டி நிக்கிற மூணு பொண்ணுங்க. ஆனா மனசுல தங்கறது அந்தத் தனி முகங்கள்தான். கோபமா, ஏக்கமா, பொறுமையா, உங்களால பிரிச்சுச் சொல்ல முடியாது. அழுகை இல்ல, கெஞ்சல் இல்ல. பரிதாபப்படுங்கன்னு அவர் ஒரு படத்துலயும் கேக்கல.

'ஒரே முகத்தையே திருப்பித் திருப்பி வரைஞ்சார், வித்துப்போச்சு, அதனால வரைஞ்சார்'னு ஒரு விமர்சனம் உண்டு. சில படங்கள் ரொம்ப அழகா, கொஞ்சம் பழக்கப்பட்ட கையால வந்த மாதிரி இருக்கிறது உண்மைதான். ஆனா பத்துப் படத்தை வரிசையா வெச்சுப் பாருங்க. ஒருத்தி கண்ணு உங்களை நேரா பார்க்கும், இன்னொருத்தி கண்ணு உங்களைத் தாண்டிப் பின்னால எதையோ பார்க்கும். ஒருத்தி முகத்துக்குப் பின்னால வயல், இன்னொருத்திக்குப் பின்னால மலைச்சரிவுல நெருக்கி அடிச்ச வீடுங்க. அந்தச் சின்ன வித்தியாசத்துலதான் அவ கிராமத்துல இருக்காளா, நகரத்துக்கு வந்துட்டாளான்னு தெரியுது.

இஸ்தான்புல் போறவங்க காராகோய் பக்கம் இருக்கிற ஓவிய, சிற்ப அருங்காட்சியகத்துக்குக் கண்டிப்பா போங்க. இஸ்தான்புல் மாடர்ன்ங்கிற நவீன கலை அருங்காட்சியகமும் அங்க இருந்து நடக்கிற தூரம்தான். இந்தத் தலைமுறை துருக்கி ஓவியர்களைச் சேர்த்துப் பார்க்க அந்த ரெண்டு இடமும் அருமை.

அடுத்த வீடியோல நேஷே எர்தோக். 1940ல பொறந்தவங்க, கப்பல்லயும் பஸ்லயும் போற சாதாரண ஜனங்களை வரையறவங்க. அவங்க படத்துல கண்ணை விட கைதான் பெருசு. அதைப் பத்தி நிறைய பேசணும். பார்க்கலாம், வரேன்.